ஒட்டுப்போட்ட சாலையும் திமிசுக் கட்டையும்: நாச்சாரத்தை முன்வைத்து

ஹைதராபாத்தின் கிழக்குப் பக்கத்தில், ஹப்சிகூடாவில் தொடங்கி நாச்சாரம் வழியாக மல்லாபூர் பக்கம் போகும் சாலையிலும் அதிலிருந்து பிரியும் தெருக்களிலும் கொஞ்ச தூரம் நடந்தால் நான்கு விதமான தரையை மிதித்துவிடலாம். பிரதான சாலை தார். காலனித் தெருக்கள் பெரும்பாலும் சிமென்ட் கான்கிரீட். ஹைதராபாத்வாசிகளின் பேச்சில் கான்கிரீட் தெரு சி.சி. ரோடு, தார்ச்சாலை பி.டி. ரோடு. நடைபாதை என்று ஒன்று இருக்கும் இடங்களில் பேவர் பிளாக். பழைய வீட்டு வாசல்களிலும் கடை முகப்புகளிலும் ஷாபாத் கல் எனப்படும் சுண்ணாம்புக்கல் பலகை. நான்கும் உடைகின்றன, உடையும் காரணமும் விதமும் வேறுவேறு. ஆனால் ஒட்டுப்போட வரும் பொருள் மட்டும் பெரும்பாலும் ஒன்றுதான்: அன்றைக்குக் கையில் எது கிடைத்ததோ அது. தார்ச்சாலைக் குழியில் செங்கல் துண்டு, கான்கிரீட் தெருவில் தார்க் கலவை, பேவர் பிளாக் பெயர்ந்த இடத்தில் சிமென்ட் சாந்து. அடுத்த மழைக்கு மூன்றும் போய்விடும்.

எந்தச் சேதத்துக்கு எந்தப் பொருள், அதைக் கையால் போட என்ன கருவி என்பது சில்லறை விஷயமாகத் தோன்றலாம். ஆனால் 2013 முதல் 2017 வரை சாலைக் குழிகளால் 14,926 பேர் இறந்தார்கள் என்ற கணக்கை 2018 டிசம்பரில் பார்த்த உச்ச நீதிமன்றம், இதை ஏற்க முடியாது என்று சொன்னது. அவற்றில் எத்தனையோ குழிகள் ஒருமுறையாவது மூடப்பட்டவையாக இருந்திருக்கும். மூடிய குழி மறுபடி ஏன் திறக்கிறது என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி. பொறியாளர்களின் விதிநூல்களில் இதற்கு ஒரு பதில் இருக்கிறது. தெருவில் இறங்கி வேலை செய்தவர்களின் அனுபவத்தில் இன்னொரு பதில். வட அமெரிக்காவில் நடந்த ஒரு பெரிய பரிசோதனை இரண்டையுமே கொஞ்சம் கலைத்துப்போடுகிறது.

குழி எப்படி விழுகிறது

தார் என்று நாம் சொல்வது இன்று பெட்ரோலியச் சுத்திகரிப்பில் மிஞ்சும் பிட்டுமென். வெயிலிலும் காற்றிலும் அது ஆண்டுக்கணக்கில் இறுகி, பழைய நெகிழ்வை இழக்கிறது. மேல்பரப்பில் மயிரிழைபோல வெடிப்பு விழுகிறது. அதற்குள் இறங்கும் மழைநீர் கீழே இருக்கும் ஜல்லிப் படுகையை ஊறவைக்கிறது. மேலே லாரி போகும்போது ஊறிய படுகை அமுங்கி, நீரையும் நுண்பொடியையும் வெடிப்பு வழியாக வெளியே பீய்ச்சுகிறது. பொடி போன இடம் வெற்றிடம். அதன்மேல் நிற்கும் தார்த்தோல் ஒருநாள் உடைந்து உள்ளே விழும். அன்றைக்குத்தான் நமக்குக் குழி தெரிகிறது. வியாதி அதற்குப் பல மாதங்களுக்கு முன்பே தொடங்கிவிட்டது.

ஹைதராபாத்தின் கல் இந்த வியாதிக்குத் துணைபோகிறது. தக்காணத்தின் இந்தப் பகுதி முழுக்க ஏறக்குறைய 250 கோடி ஆண்டு வயதுள்ள கருங்கல் பாறை. கிரஷரில் உடைத்து வரும் ஜல்லியும் அதுதான், ரோபோ சாண்ட் என்று இங்கே விற்கப்படும் பாறை மணலும் அதுதான். அழுத்தம் தாங்குவதில் குறை சொல்ல முடியாத கல். ஆனால் சிலிக்கா மிகுந்தது. சிலிக்கா பிட்டுமெனைவிடத் தண்ணீரோடு அதிகம் ஒட்டும் குணமுள்ளது. தண்ணீர் நின்றுகொண்டே இருந்தால், கல்லின் மேல் பூசிய பிட்டுமென் தோலை அது மெல்ல உரித்துவிடும். சாலையோரத்தில் மழைக்குப் பிறகு கரிய பூச்சு இல்லாத வெள்ளை ஜல்லி உருண்டு கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த உரிதலின் சாட்சி அது. இதனால்தான் கலவையில் சுண்ணாம்புத்தூளோ, உரிதலைத் தடுக்கும் வேறு சேர்மமோ கொஞ்சம் சேர்க்கிறார்கள்.

இதற்குமேல் நாச்சாரத்தின் சொந்தச் சங்கடங்கள். இங்குள்ள தொழிற்பேட்டைக்குள் பாரம் ஏற்றிய லாரிகள் ஆலை வாசலில் திரும்பும்போது சக்கரம் சாலையை அழுத்துவதோடு நில்லாமல் முறுக்கித் தேய்க்கிறது. ஒட்டுப்போட்ட இடத்துக்கு அழுத்தத்தைவிட இந்த முறுக்கல்தான் எமன். கால்வாய் அடைத்துக்கொண்டால் தண்ணீருக்குச் சாலைதான் வழி. 2020 அக்டோபர் 13ஆம் தேதி இதே கிழக்குப் பக்கத்தில் இருக்கும் கட்கேசரில் ஒரே நாளில் 32 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அப்படிப்பட்ட இரவுக்குப் பிறகு எந்த ஒட்டும் நிற்காது என்று சொல்லிவிடலாம். ஆனால் சாதாரண ஜூலைத் தூறலுக்கே போய்விடும் ஒட்டுகளுக்கு மழையைக் குறைசொல்வதில் நியாயம் இல்லை.

தெருவில் இறங்கியவர்கள்

ஹைதராபாத்தில் இந்த விஷயத்தைப் பேசினால் கங்காதர திலக் கட்னம் பெயர் வராமல் போகாது. ரயில்வேயில் பொறியாளராக இருந்து ஓய்வுபெற்றவர். 2010 வாக்கில் தானே குழிகளை மூடத் தொடங்கினார். ஆரம்பத்தில் அவர் பயன்படுத்தியது சாலைப் பணி முடிந்தபின் ஓரத்தில் குவிந்து கிடந்த தார்க்கலவை எச்சம். அதைச் சாக்கில் கட்டிக் காரின் பின்பெட்டியில் போட்டுக்கொண்டு போவார். பிறகு மாநகராட்சியே பொருள் கொடுக்க முன்வந்தது. அவரும் துணைவியார் வெங்கடேஸ்வரியும் 11 ஆண்டுகளில் 2,000க்கும் மேற்பட்ட குழிகளை மூடியதாகவும், ஓய்வூதியத்திலிருந்து ஏறக்குறைய 40 லட்சம் ரூபாய் செலவிட்டதாகவும் 2021இல் செய்திகள் வந்தன. மும்பையில் தாதாராவ் பில்ஹோரேயின் கதை இன்னும் கனமானது. 2015 ஜூலையில் மகன் பிரகாஷைச் சாலைக் குழிக்குப் பறிகொடுத்தவர், அதன்பின் கட்டட இடிபாடுகள், ஜல்லி, பேவர் பிளாக் என்று கிடைத்ததைக் கொண்டு குழிகளை நிரப்பத் தொடங்கினார்.

இவர்களின் உழைப்பை மதிக்கிறேன். அதற்காக, அவர்கள் கையாண்ட பொருள்களைச் சோதிக்காமல் ஏற்றுக்கொள்ள முடியாது. இடிபாடு ஒரு நாளைக்கு உயிர் காக்கும். இரவில் வரும் இருசக்கர வாகனக்காரர் விழாமல் இருக்க, கிடைத்த மண்ணைப் போட்டு மூடினாலும் அது புண்ணியம்தான். ஆனால் செங்கல் நீரை உறிஞ்சி இளகிவிடும். பூச்சுச் சிதறல் மாவாகிவிடும். பெரிய துண்டுகள் சக்கரத்தில் பட்டுத் தெறித்துப் பின்னால் வருபவரின் மேல் விழும். அதோடு, கழிவை நிரப்பிய குழிக்கு முறையான ஒட்டுப்போட வருபவர் முதலில் அந்தக் கழிவைத் தோண்டி வெளியே போட வேண்டும். யாரும் தோண்டுவதில்லை. அதன்மேலேயே தார்க்கலவையைக் கொட்டிவிட்டுப் போகிறார்கள். விநாயகர் ஊர்வலத்துக்கு முன்னால் நகரம் முழுக்க அவசர அவசரமாக நடக்கும் வேலைகளில் இந்தக் காட்சியை ஆண்டுதோறும் காணலாம்.

தார்ச்சாலைக்கு மூன்று வழி

முதல் வழி சூடான கலவை. சாலை போடப் பயன்படும் அதே ஜல்லி, அதே வி.ஜி.30 தரப் பிட்டுமென். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் விவரக்குறிப்புப்படி இந்தக் கலவை ஆலையில் 150 முதல் 165 டிகிரியில் தயாராகிறது. விரிக்கும்போது 140 டிகிரியாவது இருக்க வேண்டும். 90 டிகிரிக்குக் கீழே இறங்குவதற்குள் உருட்டி முடிக்க வேண்டும். வலிமையில் இதற்கு நிகர் எதுவும் இல்லை. சிக்கல் தூரமும் அளவும். கலவை ஆலை நகரத்துக்கு வெளியே. அங்கிருந்து நெரிசலைக் கடந்து லாரி நாச்சாரம் வந்து, பத்துத் தெருக்களில் பத்துக் குழிகளுக்கு அள்ளி அள்ளிப் போடுவதற்குள் முதல் குழிக்குக் கிடைத்த சூடு கடைசிக் குழிக்குக் கிடைக்காது. அதிலும் 2, 3 சென்டிமீட்டர் கனத்துக்கு விரித்த கலவை சில நிமிடங்களிலேயே ஆறிவிடும். ஆறிய கலவை கறுப்பாகத்தான் இருக்கும், பார்க்க அழகாகவும் இருக்கும்; ஆனால் கல்லோடு கல் நெருங்காது. லாரி வரும்போது அதன்மேல் தார்ப்பாய் மூடியிருக்கிறதா என்று பார்த்தாலே பாதி கதை தெரிந்துவிடும்.

இரண்டாவது வழி எமல்ஷன். பிட்டுமெனை மிகச்சிறு துளிகளாக நீரில் கலந்து வைத்திருக்கும் பழுப்பு நிறத் திரவம். இந்தியத் தர நிர்ணயத்தில் ஐ.எஸ். 8887 இதற்கு உரியது. இங்கே கிடைக்கும் வகையில் துளிகளுக்கு நேர்மின்னூட்டம் உண்டு. நம் கருங்கல்லின் பரப்போ எதிர்மின்னூட்டம் கொண்டது. இரண்டும் ஒன்றையொன்று இழுக்க, நீர் விலகி, பிட்டுமென் கல்லைப் பற்றிக்கொள்கிறது. நெருப்பு வேண்டாம், டிரம் காய்ச்ச வேண்டாம், கல் லேசாக ஈரமாக இருந்தாலும் பாதகமில்லை. எமல்ஷன் கொண்ட குளிர்கலவைக்கு இந்தியச் சாலைப் பேராயம் 2014இல் ஐ.ஆர்.சி. எஸ்.பி. 100 என்ற தனி வழிகாட்டியே வெளியிட்டது. ஆனால் பொறுமை வேண்டும். பழுப்பு கறுப்பாக மாறும்வரை காத்திருக்காமல் வண்டியை விட்டால் எல்லாம் சக்கரத்தோடு போய்விடும். கொட்டும் மழையில் போட்டால் எமல்ஷன் கால்வாய்க்குப் போய்ச்சேரும்.

மூன்றாவது, மூட்டையில் வரும் தயார்க் கலவை. மண்ணெண்ணெய் போன்ற கரைப்பானில் இளக்கிய பிட்டுமெனை ஜல்லியோடு பிசைந்து காற்றுப் புகாமல் கட்டியது. 2014இல் வந்த ஐ.ஆர்.சி. 116 இதற்கானது. மூட்டையைப் பிரித்துக் கொட்டி இடித்தால் வேலை முடிந்தது என்பதால் குடியிருப்போர் சங்கங்களுக்கு இதன்மேல் மோகம். எனக்கும் மூட்டைக் கலவைமேல் மரியாதை உண்டு. மழைக்காலத்தில் வேறு கதி இல்லை. ஆனால் ஏப்ரல், மே வெயிலில் இது பல நாள் இளகியே கிடக்கும். கரைப்பான் ஆவியாகித்தான் இறுக வேண்டும். லாரி திரும்பும் தொழிற்பேட்டை வாசலில் போட்டால் அப்பளம்போல மடிந்து ஒருபக்கமாக ஒதுங்கிவிடும். காலனியின் தார்த் தெருவுக்குச் சரி, லாரி முறுக்கும் இடத்துக்குச் சரியில்லை.

வாங்கும்போது அளவுக் கணக்கில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். நீளம் 60, அகலம் 60, ஆழம் ஏழரை சென்டிமீட்டர் உள்ள ஒரு சாதாரணக் குழியை எடுத்துக்கொள்ளுங்கள். கொள்ளளவு 27 லிட்டர். இறுக்கிய கலவை லிட்டருக்கு ஏறக்குறைய இரண்டேகால் கிலோ எடை வரும். ஆகவே 60 கிலோ வேண்டும். அதாவது 25 கிலோ மூட்டை இரண்டரை. ஒரு மூட்டையை வாங்கிவந்து அப்படிப்பட்ட குழியை "நிரப்பியாச்சு" என்று சொன்னால், அதற்கு அடியில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். தளர்மண் இருக்கும், அல்லது காற்று இருக்கும்.

புதிய பொருள்களும் வந்துகொண்டிருக்கின்றன. தில்லியில் உள்ள மத்தியச் சாலை ஆராய்ச்சி நிறுவனம் இரும்பாலைக் கசடை வைத்து இகோபிக்ஸ் என்ற தயார்க் கலவையை உருவாக்கியிருக்கிறது. தண்ணீர் நிற்கும் குழியிலும் போடலாம் என்பது அதன் சிறப்பாகச் சொல்லப்படுகிறது. தயாரிப்பு விசாகப்பட்டினத்து நிறுவனம் ஒன்றின் கையில். அதே ஆராய்ச்சி நிறுவனத்தின் வழிகாட்டுதலில் 2022இல் சூரத்தில் இரும்பாலைக் கசடைக் கொண்டே ஒரு சாலை போட்டார்கள், அது நிற்கிறது. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியின் ராஜகோபாலன் வாசுதேவன் கண்ட பிளாஸ்டிக் பூச்சு முறை தமிழர்களுக்குப் பழக்கமான செய்தி. 2018இல் பத்மஸ்ரீ பெற்றார். சூடான ஜல்லியின்மேல் பிளாஸ்டிக் துணுக்குகளைத் தூவினால் அது உருகித் தோலாகப் படிந்து, தண்ணீர் உரிப்பதைத் தடுக்கிறது. நம் கருங்கல்லுக்கு ஏற்ற வைத்தியம். ஆனால் ஆலையின் வெப்பக் கட்டுப்பாடு இல்லாமல் தெருமுனையில் டிரம்மில் பிளாஸ்டிக்கைக் காய்ச்சுவது நச்சுப்புகைக்குத்தான் வழி. கையால் ஒட்டுப்போடும் வேலைக்குள் அதைக் கொண்டுவர வேண்டாம்.

வெட்டுவதா, கொட்டுவதா

விதிநூல்கள் ஒரே குரலில் சொல்வது இது: குழியைச் சுற்றி உறுதியான சாலை தெரியும்வரை சதுரமாகவோ நீள்சதுரமாகவோ வெட்டு, பக்கங்களைச் செங்குத்தாக்கு, தளர்ந்ததை எல்லாம் அள்ளு, சுத்தம் செய், அடியிலும் பக்கத்திலும் எமல்ஷன் தடவு, அடுக்கடுக்காக நிரப்பி இறுக்கு. இந்தியாவில் ஐ.ஆர்.சி. 82 சொல்வதும் இதுவே. தெருவில் நடப்பது நேர் எதிர்: லாரியிலிருந்து ஒரு மண்வெட்டி கலவை, முதுகுப்பக்கத்தால் இரண்டு தட்டு, அடுத்த குழி.

1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவும் கனடாவும் சேர்ந்து இதைப் பெரிய அளவில் சோதித்தன. வெவ்வேறு தட்பவெப்பமுள்ள எட்டு இடங்களில் 1,200க்கும் மேற்பட்ட குழிகளைப் பல பொருள்களாலும் பல முறைகளாலும் மூடி, ஆண்டுக்கணக்கில் கண்காணித்தார்கள். முடிவு பலருக்கு அதிர்ச்சி. நல்ல தரமான கலவையாக இருந்தால், குழியை வெட்டிச் சதுரமாக்காமல் கொட்டி, லாரிச் சக்கரத்தை நான்கு முதல் எட்டு முறை அதன்மேல் ஓட்டி இறுக்கிய ஒட்டும், முறையாக வெட்டிப் போட்ட ஒட்டுக்குச் சமமாக நின்றது. வெட்டும் முறைக்கு ஆள், நேரம், செலவு எல்லாம் அதிகம். ஆக, வெட்டுவது வீண் என்று சிலர் முடிவுகட்டினார்கள்.

அவசரப்பட வேண்டாம். அங்கே பயன்படுத்திய கலவைகள் சோதித்துத் தேர்ந்தெடுத்தவை. உள்ளூரில் மலிவாகக் கிடைத்த கலவைகள் பல இடங்களில் சீக்கிரமே தோற்றன என்பதும் அதே ஆய்வில் இருக்கிறது. இன்னொன்று, வென்ற இரண்டு முறைகளுக்கும் பொதுவான ஒன்றைக் கவனியுங்கள். இரண்டிலும் இறுக்கினார்கள். கொட்டிவிட்டுப் போகவில்லை. என் தீர்ப்பு இங்கேதான் அமைகிறது. வெட்டுவதா வேண்டாமா என்பது பொருளின் தரத்தைப் பொறுத்து மாறலாம். நாச்சாரத்தில் கிடைக்கும் சராசரிக் கலவைக்கு வெட்டுவது லாபம், முதல்தரக் கலவை கிடைத்த மழைநாளில் வெட்டாமல் விடலாம். இறுக்குவதில் மட்டும் அப்படி விலக்கு எதுவும் கிடையாது.

எண்ணாகப் பார்த்தால் இன்னும் தெளிவு. நல்ல தார்க்கலவையை இறுக்கியபின் அதற்குள் 3 முதல் 5 சதவீதம் காற்றிடம் இருக்கும்படி வடிவமைக்கிறார்கள். புதிதாகப் போட்ட சாலையில் 7 சதவீதம் வரை இருக்கும். 8 சதவீதத்தைத் தாண்டினால் காற்றுக்குமிழிகள் ஒன்றோடொன்று இணைந்து தண்ணீர் உள்ளே நடமாட வழி கிடைத்துவிடும். மண்வெட்டியால் தட்டிய ஒட்டில் காற்றிடம் இதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் இருந்தாலும் வியப்பில்லை. அது ஒட்டு அல்ல, பஞ்சு.

கைக் கருவிகள்

ரோலர் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்கிறோம். சிறிய குழிக்கு ரோலர் உதவாது. உருளையின் அகலம் குழியைவிடப் பெரிது. அது குழியின் இரண்டு பக்கத்திலும் இருக்கும் கெட்டியான பழைய சாலையின்மேல் பாலம்போல உட்கார்ந்து உருண்டு போகும். உள்ளே இருக்கும் கலவை சுற்றுப்புறத்தின் மட்டத்துக்கு வந்ததோடு சரி, அதற்குமேல் ஒரு மில்லிமீட்டர்கூட இறுகாது. இறுக்கும் கருவி குழியைவிடச் சிறியதாக இருக்க வேண்டும். அந்தக் கருவி நம் ஊரில் பழங்காலத்திலிருந்தே இருக்கிறது: திமிசுக் கட்டை. ஒரு சாண் சதுர இரும்புத் தகடு, நெஞ்சளவு உயரப் பிடி, ஆறேழு கிலோ எடை. வெல்டிங் பட்டறையில் சொன்னால் மறுநாள் செய்துகொடுப்பார்கள். நாச்சாரம் தொழிற்பேட்டையில் பட்டறைக்கா பஞ்சம்?

இடிப்பதற்கும் ஒழுங்கு உண்டு. ஐந்து சென்டிமீட்டருக்குமேல் ஒரே அடுக்காகக் கொட்டக் கூடாது. திமிசின் அடி அதற்குக் கீழே போகாது. முதலில் விளிம்பை ஒட்டிச் சுற்றிவர இடித்து, அப்புறம் நடுவுக்கு வர வேண்டும். நடுவில் தொடங்கினால் கலவை ஓரங்களுக்கு ஒதுங்கி, தளர்ந்த விளிம்பாகவே நின்றுவிடும். ஒட்டு பிளப்பது எப்போதும் விளிம்பில்தான். அடிக்கும்போது சத்தத்தைக் கேளுங்கள். முதலில் "தொப், தொப்" என்று மந்தமாக இருக்கும். இறுகியபின் "டங்" என்று கெட்டியாகத் திரும்பிவரும், கட்டை கையில் துள்ளும். அந்தத் துள்ளல் வந்தபின் அடுத்த அடுக்கு. கடைசி அடுக்கு முடியும்போது ஒட்டு சுற்றியுள்ள சாலையைவிட 3 முதல் 6 மில்லிமீட்டர் மேடாக நிற்க வேண்டும். போக்குவரத்து அதை மட்டத்துக்குக் கொண்டுவரும். இதைப் பார்க்க நீள மட்டப்பலகை ஒன்று போதும்.

பாதாளச் சாக்கடை மூடியைச் சுற்றித்தான் நாச்சாரத்தில் அதிகமான குழிகள். காரணம் எளிது. சாலை போடும்போதே ரோலர் ஓட்டுபவர் இரும்பு மூடியைத் தவிர்த்து ஒதுங்கிப் போகிறார். மூடியைச் சுற்றி ஒரு முழம் அகல வளையம் சரியாக இறுகாமலே நிற்கிறது. அந்த வளையத்துக்குத் திமிசைத் தவிர வேறு கதி இல்லை. புதுச்சாலை போட்ட அன்றே ஒரே ஒரு ஆள் திமிசோடு ஒவ்வொரு மூடியையும் சுற்றி வந்திருந்தால் பாதிக் குழிகள் பிறந்தே இருக்காது.

மற்றக் கருவிகளில் ஆடம்பரம் எதுவும் தேவையில்லை. கடப்பாரை, குந்தாலி, அகல உளி, நாலு ராத்தல் சுத்தியல் வெட்டுவதற்கு. கட்டர் இயந்திரம் வாடகைக்குக் கிடைத்தால் கோடு நேராக வரும். ஆனால் கருங்கல் பொடி நுரையீரலுக்கு விஷம், தண்ணீர் தெளித்துக்கொண்டே வெட்ட வேண்டும், முகக்கவசம் கட்டாயம். அள்ளுவதற்கு மண்வெட்டியும் பாண்டுச் சட்டியும். பரப்புவதற்குப் பல் வைத்த வாரி. சுத்தம் செய்யத் தென்னந்துடைப்பம் போதாது. கம்பிப் பிரஷால் தேய்த்து, பிறகு துடைப்பத்தால் பெருக்கி, கடைசியில் கையால் தடவிப் பார்க்க வேண்டும். விரலில் தூள் ஒட்டினால் எமல்ஷன் அந்தத் தூளைத்தான் பிடிக்கும், சாலையைப் பிடிக்காது. தேங்கிய நீரைக் குவளையால் மொண்டு சாக்கால் ஒற்றி எடுக்கலாம். எமல்ஷன் தடவ மலிவான பெயின்ட் பிரஷ். மெல்லிய பூச்சு போதும். ஒரு சதுர மீட்டருக்குக் கால் கிலோ. அதிகம் ஊற்றினால் வெயிலில் மேலே பொங்கி வழுக்கும்.

வேலையாள் பாதுகாப்பையும் கருவிப் பட்டியலில் சேர்க்கிறேன், ஏனென்றால் ஒப்பந்தக்காரர்கள் சேர்ப்பதில்லை. காலையில் லேபர் அட்டாவில் நிற்கும் கூலியாட்களைத்தான் இந்த வேலைக்கு அழைத்துப் போகிறார்கள். அவர்களில் பாலமூர் எனப்படும் மகபூப்நகர்ப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் பலர், மண்வேலையில் தலைமுறை அனுபவம் உள்ளவர்கள். ரப்பர் செருப்போடு 150 டிகிரிக் கலவையின் அருகில் நிற்கிறார்கள். கனத்த பூட்ஸும் தோல் கையுறையும் மின்னும் சட்டையும் நான்கு கூம்புகளும் இல்லாமல் வேலையைத் தொடங்கக் கூடாது. சூடான தார் தோலில் பட்டால் உடனே குளிர்ந்த நீரில் வைக்க வேண்டும். ஒட்டிய தாரைப் பிய்த்து எடுக்கவே கூடாது, மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும்.

சி.சி. ரோடும் குழாய்ப் பள்ளமும்

காலனித் தெருக்களில் குழியைவிடப் பெரிய தொல்லை, குறுக்கே வெட்டிய பள்ளம். குடிநீர் வாரியமான ஜலமண்டலியின் தண்ணீர் இணைப்பு, சாக்கடை, கேபிள் என்று ஆளுக்கொரு வெட்டு. வெட்டியதைத் திரும்ப மூடும்போது எடுத்த மண்ணையே ஒரேயடியாகத் தள்ளி, மேலே இரண்டு அங்குலம் கான்கிரீட் பூசிவிட்டுப் போகிறார்கள். ஒரு மழையில் மண் இறங்கும், மேலே பூசியது தொங்கும், உடையும். சரியான முறை மண்ணை 15 சென்டிமீட்டர் அடுக்குகளாகப் போட்டு, லேசாக ஈரப்படுத்தி, ஒவ்வொன்றையும் திமிசால் இடிப்பது. இங்கேயும் அதே கட்டைதான். ஒரு மீட்டர் ஆழப் பள்ளத்துக்கு ஏழு அடுக்கு வரும். யாராவது ஏழு அடுக்கு போட்டதை நீங்கள் பார்த்ததுண்டா?

கான்கிரீட் மேற்பரப்பில் ஆழமில்லாமல் பெயர்ந்த இடங்களில் வெறும் சிமென்ட் சாந்தைப் பூசுவது பணவிரயம். மெல்லிய சாந்து சீக்கிரம் காய்ந்து சுருங்கிப் பழையதிலிருந்து விலகி, தேங்காய் ஓடுபோலத் தனியாக வந்துவிடும். கெட்டியான கான்கிரீட் தெரியும்வரை கொத்தி, விளிம்பைச் செங்குத்தாக்கி, குறைந்தது 5 சென்டிமீட்டர் ஆழமாவது ஏற்படுத்திக்கொள்ள வேண்டும். முதல்நாள் இரவு தண்ணீர் ஊற்றி ஊறவைத்து, மறுநாள் மேலே நீர் தேங்காதபடி துடைத்துவிட்டு, சிமென்ட் பால் தேய்த்து, அது ஈரமாக இருக்கும்போதே அரை அங்குல ஜல்லிக் கலவையைப் போட்டு, கம்பியால் குத்தி இறுக்கி, மணியாசுக் கட்டையால் சமன் செய்ய வேண்டும்.

அப்புறம்தான் உண்மையான சோதனை. ஐ.எஸ். 456 விதிப்படி சாதாரண சிமென்டுக்கு 7 நாள், கடைகளில் இன்று பெரும்பாலும் கிடைக்கும் பி.பி.சி. எனும் கலப்புச் சிமென்ட் வகைக்கு 10 நாள், உலர்ந்த வெயில் காலத்தில் அதற்கே 14 நாள் ஈரம் காக்க வேண்டும். ஈரச்சாக்கு போர்த்தி மேலே நீர் தெளிக்க ஆள் வேண்டும். தெருவை மூடவும் வேண்டும். மறுநாள் காலையே தண்ணீர் கேன் வண்டி அதன்மேல் போய்விடுகிறது. தெருவை மூட முடியாது என்றால் சீக்கிரம் கெட்டியாகும் பாலிமர் சாந்தை வாங்குங்கள். விலை பல மடங்கு, ஆனால் சில மணி நேரத்தில் வண்டி தாங்கும். இரண்டும் முடியாது என்பவர்கள் மூட்டைத் தார்க்கலவையைத் தற்காலிகமாக இட்டுவிட்டு, விடுமுறைக் காலத்தில் முறையாகச் செய்யலாம். சி.சி. ரோட்டில் தாரை நிரந்தர வைத்தியமாக நினைக்கக் கூடாது.

நடைபாதை

பேவர் பிளாக்கைப் பொறுத்தவரை சொல்வதற்கு அதிகம் இல்லை. சாமானியர் கையால் சரியாகச் செய்யக்கூடிய ஒரே பழுதுபார்ப்பு இதுதான். பெயர்ந்த கற்களைச் சுற்றி இன்னும் இரண்டு வரிசை கூட எடுத்துவிட்டு, அடியில் ஊறிய மண்ணை அகற்றி இடித்து, 2 முதல் 4 சென்டிமீட்டர் மணல் பரப்பி மட்டப்பலகையால் இழுத்து, அதே கற்களை ரப்பர் சுத்தியலால் தட்டிப் பதித்து, இடுக்குகளில் உலர்ந்த பொடிமணலைப் பெருக்கி நிரப்பினால் முடிந்தது. அடியில் சிமென்ட் சாந்து வேண்டாம். அடுத்த கேபிள்காரர் எடுக்கும்போது கல் முழுதாக வராமல் உடைந்துபோகும். கனத்தில் மட்டும் ஏமாறக் கூடாது. ஐ.எஸ். 15658 தரப்படி 50 மில்லிமீட்டர் கல் நடப்பவர்களுக்கு, 60 லேசான வண்டிகளுக்கு, 80 நடுத்தரப் போக்குவரத்துக்கு. நம் நடைபாதைகளில் கார் ஏறி நிற்பது ஊரறிந்த விஷயம் என்பதால் 80க்குக் குறைவாக வாங்குவது அசட்டுச் சிக்கனம். ஓரத்தில் கர்ப் கல் அசைந்திருந்தால் அதை முதலில் நிலைநிறுத்துங்கள். ஓரம் பிடிக்காத பேவர் பிளாக் வரிசை வரிசையாக நழுவும். மும்பையில் பல ஆண்டுகள் தார்ச்சாலைக் குழிகளில் இதே கற்களைப் பதித்துக் கெட்டபெயர் வாங்கியதும் இதனால்தான். கற்களை இறுக்கிப் பிடிக்கச் சுற்றிலும் எதுவும் இல்லை.

ஷாபாத் கல்லுக்கு ஒரே எதிரி அடியில் இருக்கும் வெற்றிடம். சுண்ணாம்புக்கல் பலகை என்பதால் முழுப்பரப்பும் சாந்தின்மேல் உட்கார்ந்திருந்தால் நெடுங்காலம் உழைக்கும். நான்கு மூலையில் சாந்து வைத்துப் பதித்தால் ஒரு மோட்டார் சைக்கிள் ஏறினாலே விண்டுபோகும். சுத்தியல் பிடியால் தட்டிப் பார்த்தால் பொள்ளல் காதில் தெரியும்.

யார் பொறுப்பு

2019 இறுதியில் ஹைதராபாத் மாநகராட்சி 700 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பிரதான சாலைகளை ஐந்தாண்டுப் பராமரிப்புக்குத் தனியார் நிறுவனங்களிடம் ஒப்படைத்தது. அதே ஆண்டு திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 198ஏ பிரிவு, சாலையைத் தரப்படி அமைக்காத, பராமரிக்காத பொறுப்பாளருக்கு ஒரு லட்சம் ரூபாய்வரை அபராதம் விதிக்க இடம் தருகிறது. 2025 அக்டோபரில் மும்பை உயர் நீதிமன்றம் குழியால் இறந்தவர் குடும்பத்துக்கு 6 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று உத்தரவிட்டது. ஆக, லாரி ஓடும் பிரதான சாலைக் குழியைக் குடிமக்கள் தாங்களே மூடிக்கொள்ள வேண்டிய கட்டாயம் இல்லை; ஓடும் வண்டிகளுக்கு நடுவே நின்று அதைச் செய்வது ஆபத்தும்கூட. அடுத்த ஊரான உப்பலில், 2018இல் தொடங்கி நாரபள்ளிவரை போகும் மேம்பாலப் பணி ஆண்டுக்கணக்கில் இழுத்தபோது கீழே சாலை பட்ட பாட்டை எந்தத் தன்னார்வலரின் மண்வெட்டியாலும் தீர்த்திருக்க முடியாது. காலனித் தெருவும் நடைபாதையும் வேறு. வார்டு அலுவலகத்தில் எழுத்து மூலம் சொல்லிவிட்டு, சங்கப் பணத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை செய்யக்கூடிய வேலை அது. தென்மேற்குப் பருவமழை ஜூன் முதல் பாதியில் இங்கே வந்துவிடும். சிமென்ட் வேலைக்கு ஈரம் காக்கும் 14 நாளைக் கழித்துப் பார்த்தால் மே 15க்குள் முடித்திருக்க வேண்டும்.

ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அடுத்த முறை உங்கள் தெருவுக்கு ஒட்டுப்போட ஆட்கள் வரும்போது, லாரியில் என்ன கலவை இருக்கிறது என்று பார்ப்பதற்குமுன் அதில் திமிசுக் கட்டை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், கொண்டுவந்தபின் வேலையைத் தொடங்கச் சொல்லுங்கள்.